மெதுவான தபாலும் கெட்ட ரிவ்யூவும்: ஆன்லைனில் புதிதாக விற்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஒரு பார்சல் போய்ச் சேர 18 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். "10 நாளில் கிடைக்கும்" என்று எழுதியிருந்தீர்களானால் வாங்கியவர் கடைசி எட்டு நாளும் எரிச்சலோடு காத்திருந்து ஒரு ஸ்டார் கொடுப்பார். "25 நாள் வரை ஆகலாம்" என்று எழுதியிருந்தால் அதே ஆள், அதே பொருளுக்கு, "சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது" என்று எழுதுவார். தபாலின் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது. என்றைக்கு வரும் என்று நாம் சொல்லும் தேதி முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்தத் தேதியை எப்படிக் கணக்கிடுவது, எங்கே எழுதுவது, அது தவறிப்போனால் என்ன செய்வது என்பதுதான் இந்தச் செய்முறை.

படி 1: பார்சல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பார்சல் நகரும் நேரத்தைவிட ஓரிடத்தில் கிடக்கும் நேரமே அதிகம். தபால் நிலையத்தில் கொடுத்ததும் அது பிரிப்பு மையத்துக்குப் போகிறது. வெளிநாட்டுக்கு என்றால் அங்கிருந்து, நாடுகளுக்கிடையே தபால் கைமாறும் பரிமாற்ற நிலையம், பிறகு விமானம், அந்த நாட்டின் பரிமாற்ற நிலையம், சுங்கம், அதன்பின் அந்த நாட்டுத் தபால்துறை. எல்லை தாண்டிய பிறகு பார்சல் உங்கள் நாட்டுத் தபால்துறையின் கையில் இல்லை. 1874-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்த உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி, அடுத்த நாட்டின் தபால்துறை அதை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே "என் தபால்காரர் என்ன செய்கிறார்?" என்று இந்தப் பக்கம் விசாரித்தால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

விலை குறைந்த சேவைகளில் இன்னொரு தாமதமும் உண்டு: ஒரு மூட்டை சேரும்வரை காத்திருந்து மொத்தமாக அனுப்புவார்கள். வெளிநாட்டுத் தபாலில் கணிசமான பகுதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போகிறது. 2020-இல் அந்த விமானங்கள் நின்றபோது உலகம் முழுக்கத் தபால் தேங்கியது அதனால்தான். கப்பல் தபாலானால் மாதக்கணக்கு. கிறிஸ்துமஸ் நெரிசல் உள்ள டிசம்பர் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

படி 2: சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

தபால்துறையின் தளத்தில் போட்டிருக்கும் நாட்களை அப்படியே எடுத்து எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். அது பெரும்பாலும் வேலை நாட்களில் இருக்கும். பல சேவைகளுக்கு அது வெறும் மதிப்பீடு, உத்தரவாதம் கிடையாது. சுங்கத்தில் கிடக்கும் நேரம் அதில் சேராது.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஆர்டர் வந்த தேதி, தபாலில் சேர்த்த தேதி, போய்ச் சேர்ந்த தேதி, எந்த நாடு அல்லது பகுதி, எந்தச் சேவை. ஐந்தே நெடுவரிசைகள். ஒரே இடத்துக்கு ஒரே சேவையில் போன இருபது பார்சல் சேர்ந்ததும், தபாலில் சேர்த்ததிலிருந்து எடுத்துக்கொண்ட நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

8, 8, 9, 9, 9, 10, 10, 10, 11, 11, 11, 12, 12, 13, 13, 14, 16, 21, 24, 29

இதன் சராசரி 13. சரி, "13 நாள்" என்று எழுதிவிடலாமா? கூடாது. அப்படி எழுதினால் 14, 16, 21, 24, 29 என்று ஐந்து பேருக்கு வாக்குத் தவறியிருக்கும். நாலில் ஒருவர்! புதிய கடைக்கு அது தாங்காது. மாறாக, வரிசையில் 18-ஆவது எண்ணை எடுங்கள்: 21. அதையே எழுதினால் இருபதில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தாமதம். அந்த இரண்டு பேரைத் தனியாகக் கவனித்துக்கொள்ள நேரமும் இருக்கும்.

இன்னும் ஒரு பார்சல்கூட அனுப்பாதவர் என்ன செய்வது? அதே சேவையில் விற்கும் மற்றவர்களுடைய ரிவ்யூக்களைப் படியுங்கள். ஆர்டர் செய்து எத்தனை நாளில் வந்தது என்று மக்கள் தாங்களாகவே எழுதியிருப்பார்கள். அதில் மோசமானவற்றைப் பார்த்து எண்ணை வையுங்கள். கணக்கு சேர்ந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம். பெரிய எண்ணைப் பார்த்தால் ஆள் ஓடிவிடுவார் என்ற பயம் நியாயமானதுதான், சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் அவசரத்தில் இருக்கும் அந்த ஆள்தான் தாமதமானால் முதலில் ஒரு ஸ்டார் போடுபவரும். அவரை இழப்பதில் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

படி 3: உங்கள் நேரத்தையும் தபாலின் நேரத்தையும் பிரியுங்கள்

ஆர்டர் வந்ததிலிருந்து தபாலில் சேர்க்கும்வரை ஆவது தயாரிப்பு நேரம். அதன்பின் ஆவது பயண நேரம். ஈபே, எட்ஸி போன்ற தளங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. தளம் இரண்டையும் கூட்டித்தான் வாங்குபவருக்குத் தேதி காட்டும். கையால் செய்யும் பொருளுக்கு நான்கு நாள் தேவைப்பட்டால் நான்கு என்றே போடுங்கள். வேகமானவர் என்று காட்டிக்கொள்ள ஒரு நாள் என்று போட்டால், மீதி மூன்று நாளைத் தபால்காரர் திருப்பித் தரப்போவதில்லை.

இந்தத் தேதி வெறும் அலங்காரமும் அல்ல. ஈபேயில் "பொருள் வரவில்லை" என்ற புகாருக்கான 30 நாள் கணக்கு, மதிப்பிட்ட டெலிவரி தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. புகார் வந்தால் நீங்கள் பதில் சொல்ல மூன்று வேலை நாள். பேபால் எனும் ஆன்லைன் பணச் சேவையில் பணம் கட்டியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். ஆகவே அனுப்பிய ரசீதை ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 4: விவரத்தில் எப்படி எழுதுவது

பொருள் விவரத்தின் முதல் சில வரிகளுக்குள் எழுதுங்கள். போனில் பார்ப்பவர் கீழே போய்ப் படிக்க மாட்டார். மாதிரி:

"ஆர்டர் வந்த 2 வேலை நாட்களுக்குள் தபாலில் சேர்ப்பேன். சாதாரணத் தபாலில் போய்ச் சேரப் பெரும்பாலும் 9 முதல் 14 நாள் ஆகிறது. சில சமயம் 21 நாள் வரை. ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாயம் வேண்டுமென்றால் விரைவுத் தபாலைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வாங்கும் முன் கேளுங்கள்."

"தபால் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பெரிய எழுத்தில் போடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை. தளத்தின் விதியை அது மாற்றாது. படிப்பவருக்கோ இங்கே ஏதோ பிரச்சினை இருக்கிறது என்ற எண்ணம்தான் வரும்.

படி 5: பார்சலைத் தாமதப்படுத்தாமல் கட்டுங்கள்

முகவரியைக் கையால் திருப்பி எழுதாமல் அப்படியே நகலெடுத்து அச்சிடுங்கள். பழைய பெட்டியில் இருக்கும் பழைய பார்கோடுகளைக் கிழித்துவிடுங்கள், இயந்திரம் அதைப் படித்து வேறெங்காவது அனுப்பிவிடும். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவம் வேண்டும்: சிறிய, மதிப்புக் குறைந்த பொட்டலத்துக்கு சிஎன் 22, பெரியதற்கு சிஎன் 23. அதில் "பரிசு", "சாமான்" என்று எழுதாமல் "பருத்திச் சட்டை, 1" என்று எழுதுங்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அது பொய் அறிவிப்பு; மறுத்துவிடுங்கள். 2021-லிருந்து அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பார்சல் வரும் முன்பே அதன் விவரங்களை மின்னணு முறையில் கேட்கின்றன. தகவல் அரைகுறையாக இருந்தால் பொட்டலம் அங்கேயே நிற்கும்.

படி 6: டிராக்கிங் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வெளிநாட்டுத் தபாலின் எண் 13 குறிகள் கொண்டது: இரண்டு ஆங்கில எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்துக் குறி. முதல் எழுத்து சேவையைச் சொல்கிறது. ஆர் என்றால் பதிவுத் தபால், ஈ என்றால் இஎம்எஸ் எனும் விரைவுத் தபால், சி என்றால் பார்சல், எல் என்றால் டிராக்கிங் உள்ள சிறு பொட்டலம். யு என்று தொடங்கினால் உஷார்: அது சுங்கத் தகவலுக்கான எண், வழிநெடுகக் கண்காணிக்கும் சேவை அல்ல. அதை "டிராக்கிங் எண்" என்று வாங்கியவருக்கு அனுப்பினால் இரண்டாம் நாளே "ஒன்றும் காட்டவில்லையே" என்று கேள்வி வரும்.

எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்து அனுப்புவதாலும் வீண் சண்டை வருகிறது. சரிபார்ப்பது சுலபம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 12345678 என்றால் 8 + 12 + 12 + 8 + 15 + 30 + 63 + 56 = 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-இலிருந்து 6-ஐக் கழித்தால் 5. ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். (கழித்த விடை 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று கொள்ள வேண்டும்.) ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒருமுறை சூத்திரம் போட்டுவிட்டால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 7: கேட்கும் முன் சொல்லுங்கள்

எவ்வளவு நாள் என்று தெரிந்து காத்திருப்பதும், தெரியாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல. இரண்டே மெசேஜ் போதும், அதற்கு மேல் தொல்லை. முதலாவது, தபாலில் சேர்த்த அன்று:

"வணக்கம். உங்கள் பார்சலை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் 14-ஆம் தேதிக்குள் வந்துவிடும், 21-ஆம் தேதி வரைகூட ஆகலாம். நடுவில் சில நாட்கள் டிராக்கிங் நகராமல் நிற்கும். ஒரு நாட்டிலிருந்து கிளம்பி அடுத்த நாட்டில் பதிவாகும்வரை அது வழக்கம்தான். 21-ஆம் தேதி தாண்டியும் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கோபம் வந்தால் ரிவ்யூ பக்கத்துக்குப் போகாமல் உங்களிடம் வருவதற்கான வழி அதுதான். இரண்டாவது மெசேஜ், சொன்ன கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு இன்னும் போய்ச் சேராதவருக்கு மட்டும்: எங்கே கடைசியாகப் பதிவானது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று.

படி 8: தேதி தாண்டிவிட்டால்

வாதாடாதீர்கள். "டிராக்கிங்கில் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே காட்டுகிறது" என்பது பதிலே அல்ல. வாங்கியவருக்கு மூன்று வழி கொடுங்கள்: இன்னும் பத்து நாள் பார்ப்பது, இப்போதே பணத்தைத் திருப்பித் தருவது, அல்லது வேறொன்று அனுப்புவது. தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் வந்ததும் பலர் காத்திருக்கவே சம்மதிக்கிறார்கள்.

கூடவே தபால்துறையில் விசாரணை மனு போடுங்கள். அதை அனுப்பியவர்தான் போட வேண்டும் என்று பல தபால்துறைகள் கேட்கும், ரசீதும் வேண்டும். பன்னாட்டு விதிப்படி, தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். டிராக்கிங் இல்லாத சாதாரணப் பொட்டலம் தொலைந்தால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. அதனால் எந்த மதிப்புக்கு மேல் பதிவுத் தபால் என்று முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் உங்களால் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

படி 9: ரிவ்யூ கேட்பதும் பதில் சொல்வதும்

பார்சல் போய்ச் சேர்ந்த பிறகே கேளுங்கள். அனுப்பிய அன்றே "ஐந்து ஸ்டார் போடுங்கள்" என்று சீட்டு வைப்பது எரிச்சலூட்டும். நல்ல ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்பதைப் பெரிய தளங்கள் தடை செய்திருக்கின்றன. ஈபேயில் ரிவ்யூ போட 60 நாள்தான் அவகாசம், மிக மெதுவான தபாலில் அதில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். 2008-லிருந்து அங்கே விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறை ரிவ்யூ போட முடியாது, பழிவாங்கும் வழியும் இல்லை.

அமேசானில் விற்பவர் பற்றிய கருத்து வேறு, பொருள் பற்றிய ரிவ்யூ வேறு. டெலிவரி குறை பொருளின் ரிவ்யூவில் வந்திருந்தால் அது அவர்களுடைய விதிக்குப் பொருந்தாது; புகார் செய்து பார்க்கலாம்.

பொதுவில் பதில் எழுதும்போது, அதைப் படிக்கப்போவது அடுத்து வாங்க நினைப்பவர் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம்:

"தாமதத்துக்கு வருந்துகிறேன். 3-ஆம் தேதி தபாலில் சேர்த்தேன்; சுங்கத்தில் 11 நாள் நின்றது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இந்த நாட்டுக்கான டெலிவரி நாட்களையும் கூட்டியிருக்கிறேன்."

எழுதியபடி நாட்களை நிஜமாகவே கூட்டுங்கள். ஒரே நாட்டுக்கு இரண்டாவது தாமதம் வந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து அந்த 18-ஆவது எண்ணை மறுபடி பாருங்கள்.

பணம் திருப்பிய பிறகு பார்சல் போய்ச் சேருவதும் நடக்கும். அப்போது ஒரே ஒரு முறை, மரியாதையாக, "பொருள் கிடைத்துவிட்டதாக டிராக்கிங் காட்டுகிறது. உங்களுக்கு விருப்பமானால் மறுபடி பணம் செலுத்தலாம்" என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். செலுத்தினால் நல்லது. செலுத்தாவிட்டால், அந்தத் தொகையைத் தபால் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த ஆர்டரைக் கட்டுங்கள்.