இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயம்: சுவரைப் படித்து வயதைக் கணிப்பது எப்படி

இங்கிலாந்துக் கிராமங்களில் நிற்கும் இடைக்காலத் தேவாலயங்களில் ஒரே காலத்தில் கட்டி முடித்தவை அரிது. 12-ஆம் நூற்றாண்டுச் சுவர், அதில் 14-ஆம் நூற்றாண்டுச் சன்னல், மேலே 15-ஆம் நூற்றாண்டுக் கூரை, எல்லாவற்றிலும் 19-ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு என அடுக்கடுக்காக இருக்கும். ஆகவே இது எந்த ஆண்டுக் கட்டடம் என்று கேட்பதில் பயனில்லை. எது எதற்கு முந்தியது என்றுதான் கேட்க வேண்டும்.

பைனாகுலர், டார்ச், 5 மீட்டர் அளவுநாடா, கட்டம் போட்ட தாள், பென்சில் போதும். காலையிலோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் கல்லில் உளித்தடம் தெரியும்.

முதலில் வெளியே

உள்ளே போகும் அவசரம் வேண்டாம். பலிபீடம் கிழக்கே, மணிக்கோபுரம் பெரும்பாலும் மேற்கே. கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து தரைப்படத்தை வரைந்துகொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் சன்னல்களை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பாருங்கள்.

தேட வேண்டியது நேர்க்கோட்டு இணைப்பு. கல்வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிப் போகாமல், மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் முறிந்து நிற்கும் இடம் அது. அங்கே இரண்டு காலத்து வேலைகள் சந்திக்கின்றன. கோட்டின் எந்தப் பக்கம் பெரிய மூலைக்கற்கள் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் மூத்தது. ஒரு காலத்தில் கட்டடம் அந்த மூலையோடு முடிந்திருந்தது. சுவரின் அடியில் துருத்தி நிற்கும் அடிப்பீடத்தின் உயரம் திடீரென மாறினாலும் அதே சந்தேகம் கொள்ளலாம்.

கோபுரத்தின் கிழக்கு முகத்தில் கூரைக்கு மேலே தலைகீழ் 'வி' வடிவில் ஒரு தடம் தெரிகிறதா? அது பழைய செங்குத்துக் கூரை முட்டியிருந்த இடம். பிற்காலத்தில் சுவரை உயர்த்தி, மேல்வரிசைச் சன்னல் வைத்து, சரிவு குறைந்த ஈயத்தகட்டுக் கூரை போட்டிருப்பார்கள்.

கதவோ சன்னலோ இருக்கும் இடத்தில் சுவரின் கனத்தை அளந்துவிடுங்கள். 75 செ.மீ. அளவில் மெலிந்து, உயரமாக நின்றால் ஆங்கிலோ-சாக்சன் காலமாக, அதாவது 1066-இல் நார்மன்கள் வருவதற்கு முந்தியதாக, இருக்கலாம். நார்மன் சுவர்கள் பொதுவாக 90 செ.மீ.க்கு மேல் போகும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூலையில் ஒரு கல் நெட்டாகவும் அடுத்தது படுக்கையாகவும் மாறிமாறி அடுக்கியிருந்தால்தான் சாக்சன் என்பது வலுப்படும். நார்த்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

சன்னல் சொல்லும் கணக்கு

கட்டடப் பாணிகளுக்குக் கட்டடக்கலைஞர் தாமஸ் ரிக்மேன் 1817-இல் வகுத்த பெயர்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். சுமார் 1190 வரை நார்மன்: அரைவட்ட வளைவு, சிறிய திறப்பு, வாசலைச் சுற்றி மடிந்து மடிந்து போகும் 'ஜிக்ஜாக்' கோடுகள். ஹெர்ஃபோர்ட்ஷயரின் கில்பெக் வாசல் இதன் உச்சம். பிறகு 'எர்லி இங்கிலீஷ்': ஈட்டிமுனை போன்ற ஒல்லிச் சன்னல்கள். 1250-ஐ ஒட்டி 'டெக்கரேட்டட்': சன்னலின் தலைப்பகுதியில் கல்லாலான வலைப்பின்னல், 1300-க்குப் பின் அதில் நெளியும் கோடுகள். 1350-லிருந்து ஏறத்தாழ 1530 வரை 'பெர்ப்பெண்டிகுலர்': சன்னலைப் பிரிக்கும் கல் நடுக்கம்பங்கள் வளைவை முட்டும்வரை நேராக ஏறும்.

ஆனால் சன்னலின் வயது சுவரின் வயதல்ல. வெளிச்சம் வேண்டிப் பழைய சுவரை உடைத்துப் புதுச் சன்னல் வைத்தார்கள். மறுபக்கமும் உண்டு: நடுக்கூடத்தை ஒட்டிப் பக்கக்கூடம் சேர்த்தபோது பழைய சுவரின் சன்னலைப் பெயர்த்துப் புதுச் சுவரில் பொருத்தியதும் நடந்தது. சன்னலைச் சுற்றிக் கல்வரிசை கலைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கிராமத்துக் கல்தச்சர் புதுப் பாணிக்குத் தாமதமாகவே வருவார். இருபது முப்பது ஆண்டு தளர்வு விட்டு எழுதுங்கள். கூர்மை மழுங்காத விளிம்பு, ஒரே சீரான மேற்பரப்பு, திறப்பின் இருபுறமும் நிற்கும் பக்கக்கற்களோடு ஒட்டாத நிறம் என்றால் அந்த வலைப்பின்னல் விக்டோரியா காலத்து நகல். அப்போது பக்கக்கற்களை நம்புங்கள்.

உள்ளே

தூண்வரிசைக்கு மேலே இருக்கும் சுவர் தூண்களைவிட மூத்ததாக இருக்கலாம். பக்கக்கூடம் சேர்க்கும்போது சுவரை இடிக்காமல், அதிலேயே வளைவுகளைக் குடைந்தார்கள். அடைத்த சிறு சன்னல் ஒன்றை வளைவு பாதியில் வெட்டிப் போவதைக் கண்டால் விஷயம் உறுதி. தூண் போதிகையின் மேற்பலகை சதுரமாக இருந்தால் நார்மன் பக்கம் சாய்கிறது. வட்டமானால் 13-ஆம் நூற்றாண்டு.

பலிபீடத்துக்குத் தெற்கே உள்ள சுவரில் வடிகால் உள்ள சிறு மாடம் இருக்கும். பூசைப் பாத்திரம் கழுவிய நீர் அதில் இறங்கும். பக்கக்கூடத்தின் கிழக்குக் கோடியில் அப்படி ஒன்று இருந்தால் அங்கும் ஒரு பீடம் இருந்தது என்று பொருள். அந்த மாடம் முழங்கால் உயரத்தில் தாழ்ந்து கிடந்தால் தரையை உயர்த்தியிருக்கிறார்கள், பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில். எங்கும் போகாத குறுகிய படிக்கட்டோ சுவரின் உயரத்தில் தொங்கும் கதவோ, பலிபீடப் பகுதியின் முகப்பில் சிலுவையைத் தாங்கி நின்று, 16-ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்ட சிலுவை மேடைக்கு ஏறிய வழி. திருமுழுக்குத் தொட்டியின் விளிம்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தால் பூட்டின் இரும்பைப் பிடுங்கிய தழும்பாக இருக்கலாம். தீர்த்தத்தை யாரும் திருடாமலிருக்கத் தொட்டியை மூடிப் பூட்டச் சொல்லி 1236-இலேயே ஆணை உண்டு.

உட்சுவரில் கரடுமுரடான வெறுங்கல் தெரிந்தால் அதைப் 'பழமை' என்று மெச்ச வேண்டாம். இடைக்காலத்தில் பூச்சும் வண்ணமும் இருந்தன. சுரண்டியது விக்டோரியா காலத்தவர். அந்தச் சுரண்டலை எதிர்த்தே கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். உரியும் வெள்ளையடிப்பை நகத்தால்கூடத் தொடாதீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் மறைத்த ஓவியம் அடியில் இருக்கக்கூடும்.

ஈரம்

பழைய சுவர் சுண்ணாம்புக் காரையின் வழியே ஈரத்தை வெளியேற்றும். இணைப்புகளில் சிமென்ட் பூசினால் ஈரம் கல்லின் வழியே வெளியேற முயலும். பனியில் உறைந்து கல்லின் முகம் உதிரும். குழிந்த கல்லும் துருத்திய சிமென்டும் தெரிந்தால் காரணம் இதுதான். கல்லறைகளால் நூற்றாண்டுக்கணக்காக உயர்ந்த மண் அடிப்பீடத்தை மூடியிருந்தாலும் கீழ்ச்சுவர் நனையும். மழைநீர்க் குழாயையும் தகரவாய்க்காலையும் ஆண்டுக்கு இருமுறை, அதில் ஒருமுறை இலையுதிர்வு முடிந்ததும், துப்புரவு செய்தாலே பெரும்பாதித் தொல்லை நீங்கும். இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். சிமென்டைக் கொத்தி எடுப்பது போன்ற வேலைக்கு 'ஃபேக்கல்டி' எனப்படும் மறைமாவட்ட அனுமதி கையில் வரும்வரை உளியை எடுக்கக் கூடாது.