அடுப்பில்லா இனிப்பு டிப்: டர்பன் கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் மாதம் நடுக்கோடை. பள்ளிகள் மூடியிருக்கும், 16ஆம் தேதி நல்லிணக்க நாள், பிறகு கிறிஸ்துமஸ், 26ஆம் தேதி நல்லெண்ண நாள், புத்தாண்டு என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினர்கள் கடற்கரையைத் தேடி டர்பனுக்கு வந்துவிட, இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் ஒரு வீட்டிலேயே இருபது பேருக்குப் பிரியாணி வேகும். அந்தப் புழுக்கத்தில் இனிப்புக்கென்று இன்னொரு முறை அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. கிரீம், கேரமல், தேங்காய்ச் சுவையுள்ள டென்னிஸ் பிஸ்கட், உள்ளே மொறுமொறுப்பான புதினா மிட்டாய் கொண்ட பெப்பர்மிண்ட் கிரிஸ்ப் சாக்லேட் ஆகியவற்றை அடுக்கிக் குளிர வைக்கும் இனிப்பு இந்த நாட்டில் எல்லாச் சமூகத்தாருக்கும் பழக்கமானது. அதையே தட்டில் அடுக்காமல் கிண்ணத்தில் கலந்து, பிஸ்கட்டாலும் பழத்துண்டாலும் தொட்டுச் சாப்பிடும்படி செய்வதுதான் இங்கே நான் சொல்லும் டிப்.

இதை எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் தீயில் வைக்கும் பண்டத்தில் நீர் அதிகமானால் வற்ற வைக்கலாம், கட்டி விழுந்தால் கரைக்கலாம், மாவில் கிருமி இருந்தால் வெப்பமே கொன்றுவிடும். இங்கே அந்த உதவி எதுவும் இல்லை. கிண்ணத்தில் என்ன விழுகிறதோ அதுவே நாவுக்குப் போகிறது. ஆகவே கவனம் முழுவதும் பொருள்களின் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் இருக்க வேண்டும்.

அளவு இதுதான்: 250 கிராம் கிரீம் சீஸ், 250 மில்லி கிரீம், ஒரு டின் கெட்டிக் கேரமல், ஒரு சிட்டிகை உப்பு. மேலே தூவப் பிஸ்கட்டும் புதினாச் சாக்லேட்டும். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இரண்டாவது கடியிலேயே தித்திப்பு திகட்டிவிடும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒன்றாக எடுத்து ஒன்றாக அடிப்பது. கிரீம் சீஸுக்கும் கிரீமுக்கும் தேவைப்படும் நிலை நேர் எதிரானது. கிரீம் சீஸ் அறையின் வெப்பத்துக்கு வந்து இளக வேண்டும்; டர்பன் டிசம்பரில் அதற்கு அரை மணி நேரமே தாராளம். குளிர்ந்தபடியே கேரமலில் போட்டால், பழுப்பு நிறக் கலவைக்குள் அரிசிக் குருணை போல வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். கிரீமும் சேர்ந்த பிறகு அவற்றை உடைக்க எவ்வளவு அடித்தாலும் கிரீம்தான் கெடுமே தவிரக் கட்டி கரையாது. கிரீமோ கடைசி நொடி வரை பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதிலுள்ள கொழுப்புத் துகள்கள் குளிரில் ஓரளவு உறைந்திருந்தால்தான் காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒட்டிப் பிடித்து நிற்கும். இளகிவிட்டால் எத்தனை நேரம் அடித்தாலும் பால் போலவே ஓடும். நம் சமையலறைகள் பகலில் 30 டிகிரியைத் தொடுவதால், அடிக்கும் கிண்ணத்தையும் கம்பியையும்கூடக் கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்தெடுப்பது நல்லது.

முதலில் கிரீம் சீஸை மட்டும் பளபளவென்று ஆகும்வரை அடித்து, அதில் கேரமலையும் உப்பையும் சேர்த்துக் குழைத்துக்கொள்ள வேண்டும். கிரீமைத் தனியே அடித்து, கடைசியில் கரண்டியால் கீழிருந்து மேலாக மெல்லப் புரட்டிச் சேர்க்க வேண்டும். கிரீமை எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால்தான் அறிய முடியும். கம்பி போன தடம் மறையாமல் நிற்கும். கம்பியைத் தூக்கினால் எழும் முனை லேசாகத் தலை சாயும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் பளபளப்பு மங்கி, ஓரங்களில் மணல் மணலாகத் தெரியத் தொடங்கும். இன்னும் சற்றுப் போனால் வெண்ணெய் வேறு, மோர் வேறு. மணல்தட்டும் கட்டத்திலேயே கவனித்துவிட்டால், அடிக்காத குளிர்ந்த கிரீமை இரண்டு கரண்டி ஊற்றிக் கையால் புரட்டிக் காப்பாற்றலாம். வெண்ணெய் திரண்ட பிறகு வழியில்லை.

கொழுப்புக் குறைந்த கிரீம் சீஸையும் கிரீமையும் உடம்புக்கு நல்லதென்று வாங்குகிறவர்கள் உண்டு. அவற்றில் நீர் மிகுதி. கலவை நீர்த்துப் பிஸ்கட்டிலிருந்து வழியும். அட்டைப் பெட்டியில் விற்கும் நீண்டநாள் கிரீமை, அடித்தால் எழும்பும் என்று உறையில் எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

கேரமல் டின்னுக்குப் பதிலாக, திறக்காத கண்டென்ஸ்டு பால் டின்னையே தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. விருந்து வேலையின் நடுவே தண்ணீர் வற்றுவதை யாரும் பார்க்காமல் விட்டால், டின்னுக்குள் அழுத்தம் ஏறி, கொதிக்கும் சர்க்கரைப் பாகு வெடித்துச் சிதறும். அது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் பொருள். வளையத்தை இழுத்துத் திறக்கும் இன்றைய டின்களின் மூடி இன்னும் பலவீனமானது. குழந்தைகள் ஓடியாடும் விடுமுறை வீட்டில் இந்த முறையே வேண்டாம்; ஆயத்தமாகக் கிடைக்கும் கேரமலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அடுப்பில்லாப் பண்டங்களுக்கே உரிய ஆபத்து. கேக் மாவுப் பொட்டலத்தை அப்படியே கிரீமில் கொட்டிக் கலந்தால் குழந்தைகளுக்குப் பிடித்த டிப் கிடைக்கும் என்று பலர் செய்து பரப்புகிறார்கள். கோதுமை மாவு பச்சைப் பொருள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வயலிலிருந்து வந்த ஈ. கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அரைத்த பின்னும் மாவில் உயிரோடிருக்கலாம், வேகவைத்தால்தான் சாகும். முட்டை சேர்க்கவில்லையே என்று தைரியம் கொள்ள இடமில்லை. பேரப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஒரே கிண்ணத்தில் தொட்டுத் தின்னும் விருந்தில் பச்சை மாவுக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேக் சுவை வேண்டுமானால் கேக்கையோ வெண்ணெய்ப் பிஸ்கட்டையோ உதிர்த்துப் போடலாம். அவை ஏற்கெனவே வெந்தவை.

பழத்திலும் ஒரு பிழை நேர்கிறது. நம் பக்கத்து அன்னாசியின் மணத்துக்கு ஆசைப்பட்டு, சூடேற்றாத பச்சை அன்னாசியை நறுக்கிக் கலவைக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அதிலுள்ள புரோமலைன் என்னும் நொதி பால் புரதத்தைச் சிதைப்பதால், சில மணி நேரத்தில் கலவை கசக்கும், இளகியும் போகும். பப்பாளியும் கிவியும் அப்படியே. டின்னில் அடைத்த அன்னாசி சூடேற்றப்பட்டது என்பதால் தொல்லையில்லை. பச்சை அன்னாசியை நீளத் துண்டுகளாக்கித் தொட்டுக்கொள்ள வைத்தால் ருசியும் கெடாது. மாம்பழமும் லிச்சியும் அதே தட்டில் வரலாம். ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

பிஸ்கட் தூளையும் சாக்லேட்டையும் முந்தின இரவே கலந்துவிடுவது வீண். பிஸ்கட் ஊறிச் சத்துமாவுக் கூழாகிவிடும். புதினா மிட்டாய் ஈரத்தில் கரைந்து, நாம் எதற்காகப் போட்டோமோ அந்த மொறுமொறுப்பே போய்விடும். கிரீம் கலவையை முதல் நாளே செய்து மூடி வைக்கலாம். தூவுவது பரிமாறும் நேரத்தில்தான்.

நம் குடும்பங்களில் புரட்டாசிக்கு மட்டும் அசைவம் விடுகிறவர்களும் உண்டு, ஆண்டு முழுவதும் சைவமாக இருக்கிறவர்களும் உண்டு. அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் விருந்துக்கு வருவார்கள். மார்ஷ்மெல்லோவிலும் சில தயிர்களிலும் இருக்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. உறையைப் படிக்காமல் அதைக் கலந்துவிட்டு, முட்டையில்லாதது, சைவம் என்று சொல்லிப் பரிமாறுவது விருந்தினரின் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். வேர்க்கடலை சேர்த்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, மேசை. முழுக் கிண்ணத்தையும் வெளியில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் அருகே பிற்பகல் முழுதும் வைத்திருப்பதே பலரது வழக்கம். பால் பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரமே எல்லை. சிறு கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்து, பனிக்கட்டி நிரப்பிய தட்டின் மேல் வைத்து, தீர்ந்ததும் வேறொரு சுத்தக் கிண்ணத்தில் கொண்டுவாருங்கள். மின்வெட்டு வந்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் காக்கும். மேசையில் பலர் கை பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்காமல் கொட்டிவிடுங்கள். பெட்டியை விட்டு வெளியே வராத பங்கை மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டை மட்டும் அப்போது புதிதாக நொறுக்கித் தூவிக்கொள்ள வேண்டும்.