மீன் ஜீனோம்ல வரிசையா நிக்கிற ரைபோசோம் ஜீன்கள் எப்படி மாறுது? ஆரம்பத்துல இருந்து படிப்படியா பாக்கலாம்

ரைபோசோம்னா செல்லுக்குள்ள புரதம் செய்யற இயந்திரம். அதோட ஆர்என்ஏவுக்கான ஜீன் எல்லா உயிர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான இருக்கும், அதுல என்ன பரிணாமம் பாக்க முடியும்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஜீனை மட்டும் பாத்தா அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனா கதை முழுக்க இருக்கிறது ஜீனுக்கும் அடுத்த ஜீனுக்கும் நடுவுல உள்ள ஸ்பேஸர்லயும், எத்தனை காப்பி இருக்கு எந்த குரோமோசோம்ல இருக்குங்கறதுலயும்தான். மீன்கள் மாதிரி இதுல இவ்வளவு வித்தியாசம் காட்டுற முதுகெலும்பிகள் குறைவுன்னுதான் எனக்குத் தோணுது, அதனால கத்துக்க ஆரம்பிக்க மீன் நல்ல இடம்.

படி 1: எதைத் தேடுறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ரெண்டு குடும்பம் இருக்கு. பெரிய குடும்பத்துல 18எஸ், 5.8எஸ், 28எஸ்ங்கற மூணு ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்களும் ஒரே யூனிட்டா ஒட்டி வரும், ஆர்என்ஏ பாலிமரேஸ் 1ங்கற என்சைம் உட்கருவுல உள்ள நியூக்ளியோலஸ்க்குள்ள வச்சு இதைப் படியெடுக்கும். சின்னக் குடும்பம் 5எஸ், ஜீன் வெறும் 120 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) அளவுதான், இதைப் படியெடுக்கிறது பாலிமரேஸ் 3. பெரும்பாலான மீன்கள்ல இந்த ரெண்டும் தனித்தனி இடத்துல இருக்கும். ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்குல, சிலதுல ஆயிரக்கணக்குல, ஒரே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வச்ச மாதிரி வரிசையா நிக்கும்.

இத்தனை காப்பியும் ஏன் ஒண்ணு போலவே இருக்கு? 1972ல பிரவுன், வென்சிங்க், ஜோர்டன் மூணு பேரும் ரெண்டு ஸீனோபஸ் தவளை இனங்களை ஒப்பிட்டப்ப, ஒரே இனத்துக்குள்ள ஸ்பேஸர் எல்லாம் ஒண்ணு போல இருந்துச்சு, ஆனா இனத்துக்கு இனம் நல்லாவே மாறியிருந்துச்சு. அதாவது காப்பிகள் தனித்தனியா மாறல, கூட்டா சேர்ந்து மாறுது. சமமில்லாத கிராஸிங் ஓவரும் (குரோமோசோம்கள் துண்டுகளை ஏறுக்கு மாறா மாத்திக்கிறது) ஜீன் கன்வர்ஷனும் (ஒரு காப்பி இன்னொண்ணு மேல தன்னையே எழுதிடறது) சேர்ந்து ஒரு மாற்றத்தை வரிசை முழுக்கப் பரப்பிடும், இல்லன்னா அழிச்சிடும். இதுக்கு கன்செர்ட்டட் எவல்யூஷன்னு பேரு. இன்னொரு மாடல் பர்த் அண்ட் டெத், அதாவது புதுக் காப்பி பிறக்கும், சிலது ரொம்ப காலம் தனியாவே தங்கிடும், சிலது செத்து, வேலை செய்யாத சூடோஜீன் ஆயிடும், நெய்யும் ரூனியும் 2005ல இதை விரிவா எழுதியிருக்காங்க. மீன்கள்ல ரெண்டுமே நடக்குது, அதனால ஒண்ணை முன்னாடியே முடிவு பண்ணிட்டு உள்ள போகாதீங்க.

படி 2: மீனைத் தேர்ந்தெடுங்க

ஒரே ஒரு இனத்தை வச்சு பரிணாமம் பத்தி எதுவும் சொல்ல முடியாது, நெருங்கின சொந்தமா ரெண்டு மூணு இனமாவது வேணும். என்சிபிஐங்கற மரபணு தரவு தளத்துல ஜீனோமும் ரா ரீட்ஸும் (மெஷின் படிச்ச, இன்னும் ஒட்டாத டிஎன்ஏ துண்டுகள்) ஃப்ரீயா கிடைக்கும். லாங் ரீட்ல, அதாவது நீளமான துண்டுகளை ஒட்டி அசெம்பிள் பண்ணதா பாத்து எடுங்க, ஏன்னா ஷார்ட் ரீட் அசெம்ப்ளில வரிசையா நிக்கிற ஆயிரம் காப்பியும் ஒண்ணு ரெண்டா சுருங்கிப் போயிடும், நீங்க பாக்க வந்த விஷயமே அங்க காணாம போயிருக்கும்.

படி 3: ஜீனைக் கண்டுபிடிங்க

5எஸ்ல ஆரம்பிங்க, சின்னது, சுலபம். ரைபோசோம் ஜீனைத் தேடித் தர்ற பார்நாப் சாஃப்ட்வேரை ரன் பண்ணலாம், ஆனா அதுல டிஃபால்ட் பாக்டீரியா, மறக்காம யூகேரியோட்னு (உட்கரு உள்ள உயிர்கள், மீனும் அதுல சேர்த்தி) மாத்திடுங்க. இல்லன்னா தெரிஞ்ச ஒரு மீனோட 5எஸ் சீக்வென்ஸை வச்சு பிளாஸ்ட்ங்கற தேடல் கருவியில தேடினாலும் போதும். இங்க ஒரு பொறி இருக்கு: ஜீப்ராஃபிஷ்ல சைன்3னு ஒரு தாவும் டிஎன்ஏ 5எஸ்ல இருந்தே உருவானது, ஜீனோம் பூரா சிதறிக் கிடக்கும். அதனால 120 பேஸும் கிட்டத்தட்ட முழுசா பொருந்துற ஹிட்டை மட்டும் வச்சுக்கோங்க, பக்கத்துலயே அடுத்த 5எஸ் வரிசையா இருக்கான்னும் பாருங்க.

படி 4: ஸ்பேஸரை வெட்டி எடுத்து மரம் போடுங்க

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீங்க. ஒரு 5எஸ் முடியற இடத்துல இருந்து அடுத்தது தொடங்கற வரைக்கும் உள்ள பகுதியை எல்லா இனத்துலயும் தனியா எடுங்க, முதல்ல நீளத்தை மட்டும் ஒரு வரைபடமா போட்டுப் பாருங்க. அட்லாண்டிக் சால்மன், நைல் திலாப்பியா ரெண்டுலயுமே ஒரே ஜீனோமுக்குள்ள ஸ்பேஸர் வேற வேறயா இருக்கற ரெண்டு வகை 5எஸ் உண்டு, அந்த மாதிரி வகைகள் இருந்தா பல சமயம் நீள வரைபடத்துலயே தெரிஞ்சிடும். அப்புறம் மாஃப்ட் சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி (எழுத்துக்கு எழுத்து வரிசைப்படுத்தி), ஐக்யூ-ட்ரீ சாஃப்ட்வேர்ல எது எதுக்கு நெருங்கின சொந்தம்னு காட்டுற மரம் கட்டுங்க.

மரத்தை இப்படிப் படிக்கணும். ஒரு இனத்தோட காப்பி எல்லாம் ஒரே கிளையில கூடி நின்னா கன்செர்ட்டட். இனம் வேற வேறயா இருந்தும் வகை ஒண்ணா இருக்கறது சேர்ந்து நின்னா, அந்த வகைகள் இனங்கள் பிரியறதுக்கு முன்னாடியே உருவாகி இன்னும் தனித்தனியா வாழுதுன்னு அர்த்தம், அது பர்த் அண்ட் டெத் பக்கம். பெரும்பாலும் கலவையாத்தான் வரும், வகைக்குள்ள கூட்டா மாறும், வகைகளுக்கு நடுவுல பிரிஞ்சு நிக்கும், அப்படி வந்தா தப்பா பண்ணிட்டோமோன்னு பயப்பட வேணாம். ஸ்பேஸர் ரொம்ப விலகிப் போய் அலைன்மென்ட் பூரா ஓட்டையா இருந்தா அந்த மரத்தை நம்பாதீங்க, இன்னும் நெருங்கின இனத்தை எடுத்துக்கோங்க.

படி 5: உயிரோட இருக்கா, செத்ததா?

5எஸ்ஸோட கட்டுப்பாட்டுப் பகுதி ஜீனுக்குள்ளயே இருக்கு, ஏ பாக்ஸ், இன்டர்மீடியட் எலிமென்ட், சி பாக்ஸ்னு மூணு துண்டு. இதுல எதாவது உடைஞ்சிருந்தா, இல்ல ஜீன் முடிஞ்சதும் தொடர்ந்து வர்ற டி (T) எழுத்து வரிசை காணலன்னா சந்தேகப்படுங்க. ஆனா ஒரு காப்பி கொஞ்சம் வேற மாதிரி இருக்குங்கறதுக்காக மட்டும் சூடோஜீன்னு தூக்கிப் போடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். 2017ல வெளிவந்த ஆய்வுகள்ல ஜீப்ராஃபிஷ் முட்டைக்குன்னு தனி ரைபோசோம் ஆர்என்ஏ வகையும் உடம்புக்குன்னு வேற வகையும் வச்சிருக்குன்னு காட்டியிருக்காங்க, 5எஸ்ல மட்டும் இல்ல, 18எஸ், 5.8எஸ், 28எஸ்லயும். முட்டைக்குள்ள குஞ்சுக்குத் தேவையான ரைபோசோமை முன்னாடியே நிரப்பி வைக்கணும், அந்த வேலைக்கு இந்த தாய் வகை. நீங்க குப்பைன்னு நெனச்ச கிளை அதுவாவே இருக்கலாம், முட்டைப்பை (சூலகம்) ஆர்என்ஏ டேட்டா கிடைச்சா அதுல தேடிப் பாத்துட்டு முடிவெடுங்க.

படி 6: எண்ணுங்க

அசெம்ப்ளில எண்ணாம ரா ரீட்ஸ்ல எண்ணுங்க. ஜீனோம்ல ஒரு தடவை மட்டும் வர்ற ஜீன்களோட சராசரி ரீட் டெப்த் (ஒரு இடத்தை எத்தனை ரீட் மூடுதுங்கற எண்) 30ன்னும் 5எஸ்ல 60,000ன்னும் வந்தா, ஒரு ஹாப்ளாய்டு செட்டுக்கு (ஒரு தொகுதி குரோமோசோமுக்கு) 2,000 காப்பி. ரெஃபரன்ஸா ரெண்டு யூனிட்டை அடுத்தடுத்து ஒட்டி வச்சு ரெண்டோட டெப்த்தையும் கூட்டிக்கோங்க, இல்லன்னா ஓரத்துல டெப்த் விழுந்து கணக்கு குறையும். பிசிஆர்ங்கற பெருக்கும் முறை இல்லாம தயார் பண்ண டிஎன்ஏ லைப்ரரியோட ரீட்ஸ் கிடைச்சா அதையே எடுங்க.

எண் பெருசா வந்தா உடனே பிழைன்னு நெனைக்க வேணாம். ஈசாக்ஸ் லூசியஸ்ங்கற பைக் மீன்ல 5எஸ் 20,000 காப்பிக்கு மேல இருக்கு, 30ல இருந்து 38 குரோமோசோம் வரைக்கும் சென்ட்ரோமியர் (குரோமோசோமோட இடுக்கமான பகுதி) பக்கமா பரவிக் கிடக்கு, அவ்வளவு இருந்தும் ஜீன் பகுதியில மாற்றம் கொஞ்சம்தான், ஸ்பேஸர்லதான் பல வகை தெரியுது. அதோட அந்தக் காப்பிகள் மேல மெத்தில்ங்கற வேதிக் குறி பலமா ஒட்டியிருக்கு (மெத்திலேஷன்).

படி 7: குரோமோசோம்ல இடம் பாக்குறது

இதுக்கு லேப் வேணும், ஃபிஷ் (FISH, மீன் இல்ல) அப்படிங்கற ஒளிரும் ப்ரோப் முறையில 5எஸ்ஸும் 18எஸ்ஸும் ரெண்டு கலர்ல தெரியும். லேப் இல்லன்னா வெளிவந்த படங்களோட உங்க மரத்தை ஒப்பிடுங்க. வெள்ளிச் சாயம் போட்ட படத்தை மட்டும் வச்சு இத்தனை இடம்தான் இருக்குன்னு எண்ணிடாதீங்க, அது பெரிய குடும்பத்தை மட்டும்தான் காட்டும், அதுலயும் முந்தின செல் சுழற்சியில வேலை செஞ்ச இடங்களை மட்டும். சும்மா இருந்த வரிசைகள் அதுல விழாது, ஃபிஷ்லதான் தெரியும்.