கடுங்குளிரில் ஒயரை வளைக்காதீர்கள்

கனடாவின் வினிபெக், எட்மன்டன் பக்கம் மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும் நாட்கள் உண்டு. காலையில் கார் ஸ்டார்ட் ஆவதற்காக, இரவே எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டர் என்ற மின்கருவியை பிளக்கில் செருகி வைப்பார்கள். அதற்கு வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண பிவிசி எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுக்கவே எடுக்காதீர்கள். பிவிசியை நெகிழ வைப்பது அதில் கலந்துள்ள பிளாஸ்டிசைசர். கடுங்குளிரில் அது எடுபடாது. உறை விறைத்துப்போய், வளைத்தால் விரிசல் விடும். வெறும் குளிரால் மின்காப்பு கெடுவதில்லை, இந்த விரிசல்தான் வினை. பனி உருகும்போது ஈரம் உள்ளே புகுந்தால் ஷாக் அடிக்கலாம்.

மைனஸ் 40 அல்லது 50 டிகிரி தாங்கும் என்று அச்சிட்ட வெளிப்புற ஒயராகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், வெளியே விறைத்துக் கிடக்கும் ஒயரை இழுத்துச் சுருட்ட வேண்டாம். புதுச் சுருளை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருந்து பிறகு பிரியுங்கள்.