மூன்று பிடி, இரண்டு கை: நின்டென்டோ 64 கன்ட்ரோலரைப் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996இல் வந்த நின்டென்டோ 64 என்ற வீடியோ கேம் கருவியின் கன்ட்ரோலரை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். இரண்டு ஓரப் பிடிகளையும் இரண்டு கையால் பற்றிக்கொண்டு, நடுவில் இருக்கும், கட்டைவிரலால் சாய்த்து நகர்த்தும் ஸ்டிக்கைத் தொடுவதற்காக இடது கட்டைவிரலை இழுத்து நீட்டுவார்கள். கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கும், இது சரியில்லாத கன்ட்ரோலர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்றைய கன்ட்ரோலர்களில் பழகிய கை அப்படித்தான் போகும், புரிகிறது. ஆனால் இதில் இடது, நடு, வலது என்று இருக்கும் மூன்று பிடிகளில் இரண்டைத்தான் ஒரு நேரத்தில் பிடிக்க வேண்டும். எந்த இரண்டு என்பது விளையாட்டைப் பொறுத்தது.

சூப்பர் மாரியோ 64 மாதிரி ஸ்டிக்கால் ஓடும் விளையாட்டு என்றால் இடது கை நடுப்பிடிக்கு வர வேண்டும், வலது கை வலது ஓரத்தில். இடது ஓரம் சும்மா நீட்டிக்கொண்டு கிடக்கட்டும். அப்படிப் பிடித்தால் கட்டைவிரல் தானாகவே ஸ்டிக்கின் மேல் வந்து உட்காரும், ஆள்காட்டி விரல் நடுப்பிடியின் பின்பக்கத்தில் துப்பாக்கி விசை போல இருக்கும் இசட் பட்டனில் படியும். அந்த விரலை அங்கிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் ஓடிக்கொண்டே இசட் அழுத்தி உடனே ஏ அழுத்தினால்தான் மாரியோ நீளத் தாண்டுவார், ஆக்கரினா ஆஃப் டைம் என்ற விளையாட்டில் எதிரியைக் குறிவைப்பதும் இதே இசட்டில்தான். விரலைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் தேடினால் தாமதமாகும். இடது ஓரத்தின் மேல்பக்கம் இருக்கும் எல் பட்டன் எட்டவில்லையே என்று கவலை வேண்டாம். இந்தப் பிடிக்கான விளையாட்டுகளில் அவசரமான வேலையை அதற்குக் கொடுப்பது அரிது.

சரி, எப்போதுமே நடுவும் வலதும்தானா என்றால் இல்லை, அதுவும் ஒரு தவறு. 2000இல் வந்த கிர்பி 64இல் நகர்வது சிலுவை வடிவப் பட்டனில், அப்போது இரண்டு ஓரங்களையும் பிடிப்பதுதான் சரி. அதே ஆண்டு வந்த சின் அண்ட் பனிஷ்மென்ட் இடதும் நடுவும் பிடித்து ஆடுவதற்காகவே யோசித்துச் செய்யப்பட்டது. அதனால் புது விளையாட்டைப் போட்டதும் நகர்வதற்கு எது என்று முதலில் பாருங்கள், அப்புறம் கையை வையுங்கள்.

அடுத்தது உள்ளங்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முதல் மாரியோ பார்ட்டி விளையாட்டில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்ற வேண்டிய சிறு போட்டிகள் உண்டு. கட்டைவிரல் போதவில்லை என்று பலர் உள்ளங்கையை வைத்துத் தேய்த்ததில் கொப்புளமும் காயமும் வந்தன. கடைசியில் 2000இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நின்டென்டோ கையுறை தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைகள் ஆடினால் அந்தப் போட்டிகளைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ஸ்டிக்குக்கும் இது கேடு. அடியில் பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் உரசிப் பொடியாகும், நாளடைவில் ஸ்டிக் தளர்ந்து தொங்கும். மெதுவாக நடக்க வேண்டிய இடத்தில்கூட ஓரம் வரை முட்டித் தள்ளும் பழக்கமும் அதே தேய்மானத்தைத்தான் கொண்டுவரும்.

விளையாட்டுக் கருவியின் சுவிட்சைப் போடும்போது கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் இருக்கக் கூடாது. அந்த நொடியில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே கன்ட்ரோலர் நடு என்று எடுத்துக்கொள்ளும், பிறகு பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், சரியாகிவிடும்.

கன்ட்ரோலரின் பின்னால், அதை அதிர வைக்கும் ரம்பிள் பேக் செருகியிருந்தால் அதற்குள் இரண்டு பேட்டரி வேறு இருக்கும். அந்தக் கனத்தை மணிக்கட்டால் தூக்கிப் பிடிக்காமல் முன்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கோல்டன்ஐ என்ற விளையாட்டில் ஆளுக்கு இரண்டு கன்ட்ரோலர் வைத்து ஆடும் வசதியும் உண்டு, அப்போது ஒவ்வொரு கைக்கும் ஒரு நடுப்பிடி. இரண்டு ஸ்டிக், இரண்டு இசட், ஓரங்கள் எல்லாமே காலி.