குடும்பத்தோடு பனிச்சறுக்கா? லோட்சென்டால் போங்கள்

சின்னப் பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்குப் பெரிய ஊர்களின் கூட்டம் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லோட்சென்டால் பள்ளத்தாக்கு போதும். கார் தேவையில்லை. கோப்பன்ஸ்டைன் ஸ்டேஷனில் இறங்கினால் மஞ்சள் போஸ்ட் பஸ் வீலர் கிராமத்தில் விடும். அங்கிருந்து கேபிள் காரில் சறுக்குமிடமான லவுக்கர்னால்ப், சுமார் 1,970 மீட்டர் உயரம். 3,111 மீட்டர் உயர ஹோக்கன்ஹார்ன்கிராட் மலைமுகட்டை முதல் நாளே தொடாதீர்கள், உடம்பு பழகட்டும்.

அறை பதிவு செய்வதற்கு முன்னால் பிள்ளைகளின் சறுக்குப் பயிற்சி வகுப்பை உறுதி செய்யுங்கள். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது கஷ்டம். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி கட்டாயம். நனைந்த கையுறையோடு எந்தக் குழந்தையும் சறுக்காது, அழத்தான் செய்யும்.

பிப்ரவரி 2க்குப் பிறகு, கார்னிவல் திருவிழா முடிவதற்குள் போனால், மர முகமூடியும் ஆட்டுத்தோலும் இடுப்பில் மணியுமாக 'செகெட்டா' வேடக்காரர்கள் தெருவில் வருவார்கள். அருமையான காட்சி! குட்டிகளிடம் மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.