டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் செய்யும் தவறுகள்

தங்கை மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, எதையுமே திறக்கலை, அதுக்குள்ள மெமரி 74 சதவீதம்னு காட்டுது. வைரஸா?" விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் பட்டியலில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று வரிசையாக நிற்பதைப் பார்த்து மிரண்டு, நாலைந்துக்கு 'எண்ட் டாஸ்க்' கொடுத்திருக்கிறான். ஒன்றோடு சத்தம் போனது, இன்னொன்றோடு வைஃபை.

சர்வீஸ் ஹோஸ்ட் என்பது வெறும் கூடு. உள்ளே ஓடுவது, பின்னணியில் வேலை பார்க்கும் விண்டோஸின் ஏதாவது ஒரு சேவை. முன்பெல்லாம் ஒரே கூட்டில் பல சேவைகள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனிக்குடித்தனம்தான். ஒன்று விழுந்தால் மற்றது விழாது. அதனால் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வலது கிளிக் செய்து கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தால்தான் விவகாரம்.

அடுத்தது, 'ரேம் கிளீனர்'. எனக்கு இதன்மேல் தனிக் கோபமே உண்டு. பொத்தானை அழுத்தினால் சதவீதம் சடாரென்று இறங்கும், மனசு குளிரும். உண்மையில் அது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கையிலிருந்து மெமரியைப் பிடுங்கி ஓரம் கட்டுகிறது, அவ்வளவுதான். அடுத்த கிளிக்கிலேயே அவை அதைத் திரும்பக் கேட்கும். சிலதை டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டிவரும். வேகம் கூடாது, குறையும்.

சிஸ்மெயின் சேவையை நிறுத்தச் சொல்லும் வீடியோக்களும் நிறைய. விஸ்டா காலத்து சூப்பர்ஃபெட்ச்தான் அது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சும்மா கிடக்கும் ரேமில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும். அந்த இடம் 'கேஷ்டு' கணக்கில் போகும். யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். பயன்பாட்டுச் சதவீதத்தில் அது சேர்வதே இல்லை. ரேமுக்குத் துணையாக டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைலை அணைப்பதும் இந்த ரகம்தான்: ரேமில் இடம் இருக்கும்போதே 'மெமரி போதவில்லை' என்று புரோகிராம்கள் மூடிக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் அந்த 74 சதவீதம்? பட்டியலில் உள்ளதை எல்லாம் கூட்டிப் பார்த்தோம், கணக்கு இரண்டு ஜிபிக்கு மேல் உதைத்தது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். அந்தப் பட்டியல் முழுக் கணக்கு அல்ல. விண்டோஸின் மையமான கெர்னலும், வைஃபை, ஒலி போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்களும் பிடித்து வைத்திருப்பது அதில் யார் பெயரிலும் வராது. 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் மெமரியைத் தொட்டு, கீழே 'நான்-பேஜ்டு பூல்' என்ற எண்ணைப் பாருங்கள். இது டிஸ்குக்குத் தள்ள முடியாத மெமரி. சாதாரணமாகச் சில நூறு எம்பி இருக்கும். இவனுடையதில் 2.3 ஜிபி. ஏதோ ஒரு டிரைவர் வாங்கியதைத் திருப்பித் தராமல் கசியவிடுகிறது.

"தினமும் ஷட் டவுன் பண்றேனே மாமா?" என்றான். அதே தாவலில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' 19 நாள் என்றது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது கெர்னலையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் திரும்ப ஏற்றிவிடும். கசிவும் கூடவே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்தோம். பூல் 260 எம்பிக்கு வந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் மறுபடி 400-ஐத் தாண்டியது. சந்தேகத்தின் பேரில் வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் போட்டோம். ஒரு வாரம் கழித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: 270.